கண்ணளவும் கரண்டியளவும்



பிழைப்பையும் படிப்பையும் நாடிச் சொந்த ஊரை விட்டு மும்பை, புனே, பெங்களூரு, டெல்லி போன்ற நகரங்களில் வந்து குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில், அண்மைக் காலமாக ஒரு புதிய அச்சம் புகுந்திருக்கிறது. அது அடுப்பைப் பற்றிய அச்சம். பட்டம் பெற்று நல்ல பணியில் அமர்ந்திருக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும், "எனக்குச் சமையல் வராது" என்று சொல்லி, நாள்தோறும் வெளியிலிருந்தே உணவை வரவழைத்து உண்கிறார்கள். இதனால் பணம் கரைகிறது; வயிறும் கெடுகிறது. வேறு ஓர் இழப்பும் உண்டு. மாலையில் களைத்து அறைக்குத் திரும்புகிறவருக்குத் தன் கையாலேயே ஒரு பிடி சோறு ஆக்கிக்கொள்ளும் வலிமை இல்லாமற்போகிறது.

"சமையல் வராது" என்ற இந்தச் சொல்லைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். நீந்த வராது, மிதிவண்டி ஓட்ட வராது என்று சொல்லுகிறவரிடம், "கற்றுக்கொண்டால் வரும்" என்கிறோம். சமையலைப் பற்றிப் பேசும்போது மட்டும், அது பிறவியிலேயே வாய்க்கவேண்டிய ஒன்றைப்போல் "கைமணம்" என்றும் "கைப்பக்குவம்" என்றும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கைமணம் எங்கிருந்து வந்தது? பத்து ஆண்டுகள் தாயின் அருகில் நின்று பார்த்ததிலிருந்தும், பிறகு இருபது ஆண்டுகள் நாள்தோறும் செய்ததிலிருந்தும் வந்தது. அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பைப் பெறாத நம் பிள்ளைகளுக்கு, அந்தப் பத்து ஆண்டுப் பாடத்தை வேறு வழியில் யாராவது சொல்லித்தர வேண்டும். அவ்வாறு சொல்லித்தந்த இரண்டு பெண்மணிகளை இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர்கள் கையாண்ட முறையைப் புரிந்துகொண்டால், கற்க விரும்புகிறவர்களுக்கும் கற்பிக்கவேண்டிய பெற்றோருக்கும் வழி திறக்கும்.

கடிதத்தில் தொடங்கிய நூல்

முதலாமவர் சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர்மீது குடும்பப் பொறுப்பு முழுவதும் விழுந்தது. சமையலில் அவருக்கிருந்த தேர்ச்சியை அறிந்த உறவினர்கள், வெளியூர்களிலிருந்து கடிதம் எழுதிச் செய்முறைகளைக் கேட்பது வழக்கம். அவரும் விரிவாக எழுதி அனுப்புவார். இதைக் கண்ட அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட இவற்றை ஒரு நூலாகவே எழுதலாமே என்று ஊக்குவித்தார். அவ்வாறு 1951இல் வெளிவந்ததுதான் "சமைத்துப் பார்" என்னும் நூல். பின்னர் அது பல பாகங்களாக வளர்ந்தது, ஆங்கிலத்திலும் வந்தது. 1962இல் அவர் மறைந்தார். எனினும் நூல் மறையவில்லை. புதுமணப் பெண்களுக்குச் சீர்வரிசையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட நூலாகவும், கடல் கடந்து படிக்கச் சென்ற பிள்ளைகளின் பெட்டிகளில் இடம்பெற்ற நூலாகவும் அது விளங்கியது.

இது ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சைவச் சமையலைச் சொல்லும் நூல். நம்மில் மீனும் இறைச்சியும் சமைக்கும் குடும்பங்களுக்குத் தேவையானவை எல்லாம் அதில் இல்லை. எனினும் நாம் கற்கவேண்டியது அதிலுள்ள உணவு வகைகளை மட்டுமல்ல, அதன் முறையை. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொன்னது, அந்தச் செயல்களின் கடினத்தை உணர்த்தி எச்சரிப்பதற்காக. மீனாட்சி அம்மாளோ அதே "பார்" என்ற சொல்லை அழைப்பாக மாற்றினார். அஞ்சாதே, செய்துதான் பாரேன் என்பது அதன் பொருள். அழைத்ததோடு நில்லாமல், எந்தப் பொருளை எவ்வளவு எடுக்கவேண்டும், எதை முதலில் போடவேண்டும், எதைப் பின்பு சேர்க்கவேண்டும் என்று படிப்படியாக எழுதினார். அருகில் நின்று கேட்க முடியாத ஒருவருக்காக எழுதுகிறோம் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. கடிதத்திலிருந்து பிறந்த நூலாயிற்றே!

மும்பையில் ஒரு சமையல் வகுப்பு

இரண்டாமவர் தர்லா தலால். 1936இல் புனேயில் பிறந்து, 1960இல் திருமணமாகி மும்பைக்கு வந்தவர். 1966இல் தம் வீட்டிலேயே சமையல் வகுப்பைத் தொடங்கினார். மணமாகவிருக்கும் பெண்களும் இளம் இல்லத்தரசிகளும் அங்கே வந்து கற்றனர். 1974இல் சைவச் சமையலைப் பற்றிய அவருடைய முதல் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின் நூற்றுக்கும் அதிகமான நூல்களை எழுதினார்; தொலைக்காட்சியிலும் கற்பித்தார். 2007இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2013 நவம்பரில் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை ஒட்டி 2023இல் ஓர் இந்தித் திரைப்படமும் வந்தது.

ஒரு பெரிய உணவகத்தின் தலைமைச் சமையற்காரராக அவர் புகழ் பெறவில்லை. தம் வீட்டு அடுப்பங்கரையையே பள்ளிக்கூடமாக்கிய இல்லத்தரசி அவர். வெளிநாட்டு உணவாக இருந்தாலும், சாதாரண இந்தியச் சமையலறையில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டு செய்யத்தக்கதாக அதை மாற்றி எழுதினார். "இந்தப் பொருள் எங்கள் தெருக்கடையில் கிடைக்காதே" என்று கற்பவர் சோர்ந்துபோகும் இடத்தை அவர் முன்னதாகவே அறிந்திருந்தார்.

ஒருவர் தமிழில் எழுதினார், மற்றவர் ஆங்கிலத்தில் எழுதினார். இருவரும் வாழ்ந்த நகரங்களும் வேறு. எனினும் இருவரிடமும் பொதுவான ஒரு குணம் உண்டு. தமக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் எண்ணிக்கொள்ளவில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் பலருக்கு இது கைவருவதில்லை. "உப்பு எவ்வளவு போடவேண்டும்?" என்று கேட்டால், "போதுமான அளவு" என்பார்கள். "எவ்வளவு நேரம் வதக்கவேண்டும்?" என்றால், "வதங்குகிறவரை" என்பார்கள். சொல்வது பொய்யல்ல; அவர்களுடைய கண்ணும் மூக்கும் அந்த அளவை அறியும். ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அவர் தடுமாறி விழுவதும் இந்த இடத்தில்தான்.

ஆகவே ஒரு செய்முறையைக் கற்பிக்கும்போது நான்கு காரியங்களைச் சொல்லவேண்டும். அவை அளவு, வரிசை, அடையாளம், காரணம். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அளவு

மீனாட்சி அம்மாளின் நூல் வந்த காலத்தில் நம் நாட்டில் கிராமும் லிட்டரும் வழக்கத்திற்கு வந்திருக்கவில்லை. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டமே 1956இல்தான் இயற்றப்பட்டது. ஆழாக்கு, படி, பலம் என்பனவே அன்றைய அளவுகள். எட்டு ஆழாக்கு ஒரு படி. அன்றைக்குக் கைவசமிருந்த அளவுகளைக்கொண்டே அவர் திட்டமாக எழுதினார் என்பதைக் கவனிக்கவேண்டும். மேலைநாட்டிலும் இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சமையற்பள்ளி ஆசிரியையாயிருந்த ஃபேனி ஃபார்மர், 1896இல் வெளியிட்ட தம் நூலில், கரண்டியைக் குவியலாக எடுக்காமல் தலைதட்டி எடுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அதன் பின்பே அங்கே அந்தப் பழக்கம் பரவியது.

தலைதட்டாத ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய இரண்டு தேக்கரண்டிக்குச் சமமாகிவிடக்கூடும். "நேற்று நன்றாயிருந்த குழம்பு இன்று கரித்துவிட்டதே" என்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். ஆகையால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு தேக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி, 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு டம்ளர் ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அவற்றாலேயே அளந்திடுங்கள். இயன்றால் ஒரு சிறிய தராசும் வாங்கலாம். அரிசியையும் தண்ணீரையும் ஒரே டம்ளரால் அளக்கும்போது, டம்ளர் பெரிதோ சிறிதோ, விகிதம் மாறாது.

"எலுமிச்சம்பழ அளவு புளி" என்று நம் தாய்மார் சொல்வதை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். சிறிய எலுமிச்சம்பழ அளவு என்பது ஏறக்குறைய 20 கிராம் வரும். இந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் அடுத்த முறை ஐயம் எழாது. கண்ணளவு தாழ்ந்ததல்ல. ஆனால் கரண்டியளவில் பழகிய கண்ணுக்கே கண்ணளவு வாய்க்கும்.

வரிசை

சாம்பாரில் புளியை எப்போது சேர்ப்பது என்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். துவரம்பருப்பையும் புளிக்கரைசலையும் முதலிலேயே சேர்த்து அடுப்பில் ஏற்றினால், பருப்பு நெடுநேரம் வேகாது. புளிப்பு, பருப்பு மென்மையாவதைத் தடுக்கிறது. உருளைக்கிழங்கு போன்ற காய்களும் புளிநீரில் விறைத்துக்கொள்ளும். ஆகவே பருப்பைத் தனியே குழைய வேகவைத்த பின்பே புளியோடு சேர்க்கவேண்டும். கடினமான காய்களை முதலில் வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைக்க வேண்டும். வெண்டைக்காயோ நேர்மாறானது, புளியில் கொதிக்கும்போது அது குழையாமல் நிற்கும். அனுபவமுள்ளவர்கள் இந்த வரிசையைச் சிந்திக்காமலே கடைப்பிடிக்கிறார்கள். ஆகையால் சொல்லித்தரும்போது அதை விட்டுவிடுகிறார்கள்.

தாளிப்பதிலும் வரிசை உண்டு. எண்ணெய் காய்ந்ததா என்று அறிய ஒரே ஒரு கடுகை இடுங்கள். அது உடனே வெடித்தால் எண்ணெய் ஆயத்தம். எஞ்சிய கடுகை இட்டு, வெடிக்கும் ஓசை அடங்கும்போது தீயைக் குறைத்து, உளுத்தம்பருப்பைச் சேருங்கள். அது சிவக்கத் தொடங்கியதும் காய்ந்த மிளகாய், பெருங்காயம், இறுதியில் ஈரம் துடைத்த கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், கடுகு வெடிக்குமுன்னே மிளகாய் கருகிவிடும்.

அடையாளம்

நகரத்திற்கு வந்த நமக்கு மிகவும் முக்கியமானது இதுவே. "மாவை ஓர் இரவு புளிக்கவிடவும்" என்று எழுதியிருக்கும். சென்னையின் வெப்பத்தில் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் இட்லி மாவு பொங்கிவிடும். அதே மாவு டெல்லியின் ஜனவரிக் குளிரில் ஓர் இரவு முழுவதும் அசையாமல் கிடக்கும். அங்கே புதிதாகக் குடியேறிய இளம்பெண், தன் கைதான் சரியில்லை என்று எண்ணிக் கலங்குவாள். அவளுடைய கையில் ஒரு குறையும் இல்லை. வெப்பம் போதவில்லை, அவ்வளவே. "மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்து, உள்ளே குமிழ்கள் நிறைந்து, இலேசான புளிப்பு வாசனை வரும்வரை வைக்கவும்" என்று எழுதியிருந்தால், அவள் பொறுமையோடு காத்திருப்பாள். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றிக் கதகதப்பான இடத்தில் வைத்து, பதினெட்டு மணி நேரமானாலும் அடையாளத்தைக் கண்டபின்பே இட்லி வார்ப்பாள்.

குக்கர் விசிலும் அப்படியே. "மூன்று விசில்" என்பது குக்கரின் அளவையும் தீயின் வேகத்தையும் பொறுத்து மாறும். பெரிய தீயில் மூன்று விசில் ஐந்து நிமிடத்திற்குள் வந்துவிடலாம். சிறு தீயில் கால்மணி நேரமாகலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதன்பின் நிமிடங்களை எண்ணுவதே நம்பத்தகுந்த வழி. பருப்பு வெந்ததற்கு அடையாளம், இரு விரல்களுக்கிடையில் நசுக்கும்போது நடுவே கடினமான பகுதி இல்லாதிருப்பது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வீடு மாறியபின் பருப்பு வேகவில்லையென்றால், கடைக்காரரைக் கடிந்துகொள்ளுமுன் தண்ணீரைக் கவனியுங்கள். பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்தால் விரைவாக வேகும்.

காரணம்

ஏன் என்று அறிந்தவர், ஒரு பொருள் இல்லாதபோதும் திகைப்பதில்லை. குக்கருக்குள் நீராவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால், தண்ணீர் நூறு பாகை செல்சியஸைத் தாண்டிச் சுமார் 120 பாகைவரை வெப்பமடைகிறது. உணவு விரைவில் வேகிறது. தீயை அணைத்தபின்பும் அழுத்தம் அடங்கும்வரை உள்ளே வேகுதல் தொடர்கிறது. ஆதலால் அவசரப்பட்டு மூடியைத் திறப்பது ஆபத்து மட்டுமல்ல, சோறும் பதம் தவறிவிடும். பருப்பில் சில துளி எண்ணெய் விடுவது நுரை பொங்காதிருப்பதற்காக. பழைய அரிசி அதிகத் தண்ணீரை உறிஞ்சும். புதிய அரிசிக்குக் குறைவாகவே வேண்டும். இவற்றை அறிந்தவர், "நேற்றைய அளவில்தானே வைத்தேன், இன்று ஏன் குழைந்தது?" என்று கேட்டுக் கலங்காமல், அரிசி மூட்டை மாறியதைக் கவனித்துத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்.

நான்கு வாரப் பயிற்சி

இனி, அடுப்பையே தொட்டறியாத ஒருவர் எப்படித் தொடங்குவது? பத்து வகை உணவுகளை ஒரே வாரத்தில் கற்க முயலவேண்டாம். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் வாரம், சோறு மட்டும். ஒரு டம்ளர் அரிசி இருவருக்குப் போதும். பச்சரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீரும், புழுங்கலரிசிக்கு மூன்று டம்ளரும் வைத்துத் தொடங்குங்கள். பாசுமதி அரிசியானால் ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் போதும். மறுநாள் முந்தைய நாளின் பலனைப் பார்த்துக் கால் டம்ளர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நான்காவது நாளில் உங்கள் அரிசிக்கும் உங்கள் குக்கருக்கும் உரிய அளவு பிடிபட்டுவிடும். அந்த வாரம் சோற்றோடு தயிரும் ஊறுகாயும் போதும்.

இரண்டாம் வாரம், பருப்பு. 100 கிராம் துவரம்பருப்பைக் கழுவி, அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் சில துளி எண்ணெயும் சேர்த்து வேகவையுங்கள். முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள். மசித்து, அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் சேர்த்தால் அதுவே ஓர் உணவு.

மூன்றாம் வாரம், தாளிதமும் பொரியலும். 250 கிராம் பீன்ஸோ முட்டைக்கோஸோ பொடியாக நறுக்குங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில், அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை என மேலே சொன்ன வரிசையில் தாளியுங்கள். காயைச் சேர்த்து, அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். எட்டுப் பத்து நிமிடங்களில் காய் மென்மையாகும். நிறம் மங்குமுன் இறக்கித் தேங்காய்த்துருவல் தூவுங்கள்.

நான்காம் வாரம், சாம்பார். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பருப்பு வேகவைக்க உங்களுக்குத் தெரியும். தாளிக்கத் தெரியும். காய் வேகும் பதமும் தெரியும். புதிதாகக் கற்கவேண்டியது புளியைக் கொதிக்கவைப்பது ஒன்றே. 20 கிராம் புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, காயோடும் இரண்டு தேக்கரண்டி சாம்பார்ப் பொடியோடும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்போடும் கொதிக்கவிடுங்கள். பொடியின் பச்சை வாசனை போகும்வரை, அதாவது ஏறக்குறைய பத்து நிமிடங்கள். பின்பு மசித்த பருப்பைச் சேர்த்து, மேலும் ஐந்து நிமிடங்கள் கொதித்ததும் தாளித்துக் கொட்டுங்கள். கடினமென்று அஞ்சிய சாம்பார், மூன்று எளிய பாடங்களின் சேர்க்கைதான் என்பது அப்போது விளங்கும். நான்கு பேர் உண்ணலாம். அறைத்தோழர் ஒருவரையும் அழைத்து அமர்த்திக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எப்போதும் சற்றுக் குறைவாக இட்டு, சுவைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். குறைந்ததைக் கூட்டுவது எளிது. கூடியதை எடுப்பது அரிது. உப்பு மிஞ்சிவிட்டால் வெந்த பருப்பையோ தண்ணீரையோ சேர்த்து அளவைப் பெருக்குவதே சரியான வழி. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அது ஏறக்குறைய தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. வீட்டில் சமைக்கிறவர்தான் இந்தக் கணக்கைத் தன் கையில் வைத்திருக்க முடியும்.

வடமாநிலங்களில் புதிதாக வந்திருப்போர் கடையில் தடுமாறாதிருக்கச் சில பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பை அர்ஹர் அல்லது தூர் என்பார்கள். உளுந்து உரத், கொத்துமல்லி விதை தனியா, வெந்தயம் மேத்தி, பெருங்காயம் ஹீங், புளி இம்லி, கறிவேப்பிலை கடிபத்தா. தாளிக்கும் சிறிய கடுகை ராய் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பெற்றோருக்கு

கற்பிக்கவேண்டியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். வேலை கிடைத்து முதலில் வெளியூர் புறப்படுகிறவன் பல வீடுகளில் அவன்தான். பசி ஆண் பெண் பார்த்து வருவதில்லை.

ஊரிலிருக்கும் உங்கள் தாயாரோ மாமியாரோ தொலைபேசியில் செய்முறை சொல்லும்போது, "போதுமான அளவு" என்றால், அன்போடு குறுக்கிட்டுக் கேளுங்கள்: "அம்மா, அந்தக் கரண்டியில் எத்தனை? என்ன வாசனை வரும்? ஏன் அதை முதலில் போடுகிறீர்கள்?" அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, அவர்கள் கையில் அள்ளும் மிளகாய்த்தூளை, பாத்திரத்தில் விழுமுன் ஒரு தட்டில் வாங்கி எடை பாருங்கள். அவர்கள் நகைப்பார்கள், நகைக்கட்டும். அந்த மீன்குழம்பின் கணக்கு வேறு எந்த நூலிலும் இல்லை. எழுதி வைக்காவிட்டால் அது அவர்களோடேயே போய்விடும். ஒரு குறிப்பேட்டில் பக்கத்திற்கு ஒரு சமையல் என்று, அளவு, வரிசை, அடையாளம், காரணம் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். பத்துப் பக்கங்கள் நிரம்பினாலே அது உங்கள் பிள்ளைகளுக்கு விலைமதிப்பற்ற சுதந்தரமாகும்.

எழுதியதைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. சமைத்தறியாத ஒருவரிடம் அந்தக் குறிப்பைக் கொடுத்து, நீங்கள் அடுத்த அறையில் அமர்ந்திருங்கள். அவர் உங்களை எத்தனை முறை அழைத்துக் கேள்வி கேட்கிறாரோ, அத்தனை இடங்களில் உங்கள் குறிப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அவருடைய அறியாமையைக் குறைகூறாமல், அந்த இடங்களைத் திருத்தி எழுதுங்கள். ஒரு கேள்வியும் எழாத நாளில் உங்கள் குறிப்பு முழுமை பெற்றுவிட்டது என்று அறியலாம்.

இம்மாதம் உங்கள் இல்லத்தில் யாராவது ஒருவர் முதன்முறையாகச் சோறு வடித்தால், அது சற்றுக் குழைந்திருந்தாலும் சேர்ந்தமர்ந்து உண்ணுங்கள். "நாளைக்குக் கால் டம்ளர் தண்ணீர் குறைத்து வை" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு விமர்சனமும் வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.